ஸ்பிரிட், சானிடைசர், ஜெல்லு: தோல் மேல ஆல்கஹால் படறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க

போன மழைக்காலத்துல ஒரு நைட்டு, கடை சாத்துற நேரம், ஷட்டரை பாதி இறக்கிட்டேன், தண்டையார்பேட்டையில எங்க தெருவுல கணுக்கால் அளவு தண்ணி. அந்த தண்ணியில ஒரு ஆயா புடவையை தூக்கி சொருவிக்கிட்டு வந்து "நைனா, ஒரு பாட்டில் ஸ்பிரிட் குடு, கொயந்தைக்கு உடம்பு கொதிக்குது, துணியில நனைச்சு துடைக்கணும்"னு கேட்டாங்க. நான் தரல. ஆயாவுக்கு செம கோவம், காசு வெச்சுக்கினுதானே கேக்குறேன்னு ஒரு சத்தம் போட்டாங்க. பாரசிட்டமால் சிரப் குடுத்து, குழந்தை எடை எவ்ளோன்னு கேட்டு அதுக்கு ஏத்த அளவை மூடியில கோடு போட்டு காட்டி, வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சு துடைங்க ஆயா, ஸ்பிரிட் வேணாம்னு அனுப்பிட்டேன். ஏன் வேணாம்னு அந்த மழையில நின்னு சொல்ல முடியல. அதைத்தான் இங்க டைப் பண்றேன், கூடவே 14 வருஷமா மெடிக்கல் கவுண்டர்ல நிக்கிறப்ப ஆல்கஹாலும் தோலும் சம்பந்தமா ஜனங்க பண்ற மத்த தப்பையும் சேத்து.

முதல்ல தோலை பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா மத்தது எதுவும் புரியாது. நம்ம தோல்ல தடுப்பு வேலை பாக்குறது மேல இருக்குற ஒரே ஒரு மெல்லிசு ஏடுதான், 10லேர்ந்து 20 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடி தடிமன்ல கிட்டத்தட்ட கால்வாசிதான். அதுக்குள்ள 15, 20 வரிசை செத்த செல்லு அடுக்கி வெச்சிருக்கும். காசிமேட்டுல மரப்படகு கட்டுறதை பாத்திருந்தா இது ஈஸியா புரியும் (இப்ப ஃபைபர்தான் அதிகம், ஆனா பழைய ஆளுங்களுக்கு தெரியும்). பலகையை எவ்ளோ நெருக்கமா அடிச்சாலும் நடுவுல சந்து இருக்கும், அந்த சந்துல பஞ்சை திணிச்சு மேல பிசின் பூசி அடைப்பாங்க, படகுக்குள்ள தண்ணி ஏறாம காப்பாத்துறது பலகையை விட அந்த அடைப்புதான். தோல்லயும் அதே கதை. செத்த செல்லு பலகை, நடுவுல இருக்குற அடைப்பு கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூணும் கலந்த ஒரு மெழுகு மாதிரி. வெளியிலேர்ந்து ஒண்ணு உள்ள போகணும்னா பெரும்பாலும் இந்த கொழுப்பு சந்து வழியாத்தான் வளைஞ்சு வளைஞ்சு போகணும்.

ஆல்கஹால் கை வைக்கிறது கரெக்டா அந்த அடைப்புலதான். ஒண்ணு, அடுக்கி வெச்ச கொழுப்பை நெகிழ வெச்சுடும், கெட்டியா இருந்தது தளதளன்னு ஆயிடும். ரெண்டு, அதுல கொஞ்சத்தை கரைச்சு எடுத்துக்கிட்டே போயிடும், ஸ்பிரிட் போட்டு துடைச்சா தோல் வெள்ளையா வறண்டு தெரியுதே அதுதான். மூணு, தான் உள்ள போறப்ப தன்கிட்ட கரைஞ்சிருக்குற சாமானையும் கூட்டிக்கிட்டு போகும். நாலாவது ஒண்ணு இருக்கு, இதை யாரும் யோசிக்க மாட்டாங்க: ஆல்கஹால் ஆவியாகி பறந்துடும், ஆனா அதுல கரைஞ்சிருந்த மருந்து பறக்காது, அது அப்படியே தோல் மேல செறிவு ஏறி நிக்கும், செறிவு ஏற ஏற உள்ள தள்ளுற வேகமும் ஏறும். ஜெல்லுலயும் ஸ்பிரேயிலயும் ஆல்கஹால் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம், சும்மா ஜில்லுன்னு இருக்கணும்னு மட்டும் போடல.

அதனால நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான். ஆல்கஹால் கிருமியை கொல்லுமா, தோலை காய வைக்குமான்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க. அது படறப்ப தோல் மேல வேற என்னா இருக்கு, அதுக்கப்புறம் வேற என்னா படப்போவுது, மூடி வெக்கப்போறீங்களா, தொறந்து விடப்போறீங்களா, இதை கேளுங்க.

இப்ப இந்த ஆல்கஹால்ன்ற பேரு. கஸ்டமர்ல பாதி பேரு ஆல்கஹால்னாலே குவாட்டர்னு நெனைக்கிறாங்க, மீதி பேரு க்ரீம் டப்பாவுல அந்த வார்த்தையை பாத்துட்டு "இதுல ஆல்கஹால் கீதுபா, வேணாம்"னு திருப்பி குடுக்குறாங்க. அது ஒரு பெரிய குடும்பம்ங்க. மெத்தனால் விஷம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அத்தனை உசுரை எடுத்தது அதான். எத்தனால்தான் சரக்குலயும் சானிடைசர்லயும் இருக்குறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஊசி போடறதுக்கு முன்னாடி துடைக்கிற பட்டையில பெரும்பாலும் இதுதான். அப்புறம் புரொப்பிலீன் கிளைக்கால், இது நம்ம மணலியிலயே தயாராகுது, நிறைய மருந்து ஜெல்லுலயும் முடி லோஷன்லயும் கெடக்கும். கிளிசரினும் இதே குடும்பம்தான், ஆனா அது தண்ணியை இழுத்து புடிச்சு தோலை மெத்துன்னு வெக்கும். சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால், சீட்டோஸ்டியரைல்னு போட்டிருந்தா பயப்படவே வேணாம், அது மெழுகு கட்டி மாதிரி இருக்குற ஐட்டம், க்ரீமை கெட்டியாக்கும், தோலை மிருதுவாக்கும், எவனோ ஒருத்தருக்கு ஒத்துக்காம அலர்ஜி வரலாம், அவ்ளோதான். நெத்தியில தடவுற தைலத்துல இருக்குற மென்தால் கூட கெமிஸ்ட்ரி கணக்குல ஒரு ஆல்கஹால், அதுவும் தோலை லேசா தளர்த்தி மத்த சாமானை உள்ள விடற கேஸ்தான். அதனால வலி ஜெல்லை தடவிட்டு அதுமேலயே தைலத்தை அப்புறது டபுள் எஃபெக்ட்னு சந்தோஷப்படற விஷயமில்ல.

இந்த குடும்பத்துல கார்பன் அணு கோத்து நிக்கிற சங்கிலி நீளத்தை வெச்சு ஒரு விசேஷம் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க. ஷூப்ளைன், பிளாங்க்னு ரெண்டு பேரு, 1960கள்லயும் 70கள்லயும் மனுஷ தோலை எடுத்து வெச்சு மெத்தனால்லேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஆல்கஹாலா தண்ணியில கலந்து எது எவ்ளோ வேகமா உள்ள போவுதுன்னு அளந்தாங்க. கார்பன் சங்கிலி நீள நீள வேகம் ஏறிக்கிட்டே போச்சு, 8 கார்பன் இருக்குற ஆக்டனால் எத்தனாலை விட 50 மடங்குக்கும் மேல. காரணம் சிம்பிள், குட்டி ஆல்கஹாலுக்கு தண்ணி புடிக்கும், தண்ணியை விட்டுட்டு கொழுப்புக்குள்ள போக அதுக்கு மனசே வராது, பெருசுக்கு கொழுப்புதான் சொந்த ஊரு. ஆனா இது தண்ணியில கலந்து வெச்சப்போ மட்டும். தண்ணி கலக்காம பச்சையா ஊத்தினா கதை மாறிடுது, அங்க அந்த குட்டிங்கதான் அடைப்பையே கெடுத்துட்டு உள்ள போவுதுங்க. அதனால "மெத்தனால் தோல்ல சரியா ஏறாது"ன்னு யாராவது பாதி படிச்சிட்டு சொன்னா நம்பாதீங்க.

இன்னொரு குழப்பம், சதவீதம் கூடக்கூட ஜாஸ்தி உள்ள இழுக்கும்னு நெனைப்போம். அப்படி இல்ல. மருந்தை தோல் வழியா அனுப்புற ஆராய்ச்சியில பல மருந்துக்கு பாதிக்கு பாதி, இல்ல அதுக்கு கொஞ்சம் மேல எத்தனால் இருக்குற கலவைதான் நல்லா வேலை செஞ்சிருக்கு. ரொம்ப சுத்தமான ஆல்கஹால் தோலோட தண்ணியை உறிஞ்சி அந்த ஏட்டை காய வெச்சு இறுக்கிடுது, வழி திரும்பவும் குறுகிடுது. கிருமி கொல்ற விஷயத்துலயும் தண்ணி வேணும், 60லேர்ந்து 95 சதவீதம்தான் அதுக்கு ரேஞ்சு, முழு நூறு பிரயோஜனம் கம்மி. ஆக "ஒரிஜினல் சுத்த ஸ்பிரிட் குடு"ன்னு கேக்குறவங்க ரெண்டு பக்கமும் நஷ்டப்படறாங்க.

சரி, வேலைக்கு வருவோம். சானிடைசர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன், கொரோனாவுல ஆரம்பிச்ச பழக்கம் பல பேருக்கு இன்னும் போகல. உலக சுகாதார நிறுவனம் குடுத்த ஃபார்முலாவுல 80 சதவீதம் எத்தனால், அதோட 1.45 சதவீதம் கிளிசரின் சேத்திருப்பாங்க, அந்த கொஞ்சூண்டு கிளிசரின் தோலுக்காகத்தான். அதனால வாங்குறப்ப கிளிசரினோ வேற ஈரம் புடிக்கிற ஐட்டமோ இருக்கான்னு பாருங்க. பட்டாணி அளவு இல்ல, உள்ளங்கை குழி நிறைய எடுத்து 20லேர்ந்து 30 செகண்டு, கை காயுற வரைக்கும் தேய்க்கணும். நிறைய பேரு சோப்பு போட்டு கழுவிட்டு உடனே சானிடைசரும் போடறாங்க, டபுள் சேஃப்டியாம். தயவு செஞ்சு வேணாம். சோப்பு ஏற்கனவே கொழுப்பை எடுத்துடுச்சு, ஈரத்துல தோல் ஊறி இருக்கு, அதுமேல ஆல்கஹால் ஏத்தினா அடைப்பு ரெண்டு பக்கமும் அடி வாங்குது. உண்மைய சொன்னா அடிக்கடி சோப்பு போடறதை விட சானிடைசர் தோலுக்கு சாது. கையில அழுக்கு தெரிஞ்சா சோப்பு, தெரியலன்னா சானிடைசர், ஏதாவது ஒண்ணு. ராத்திரி படுக்கறப்ப ஏதாவது க்ரீம், வாசலின் கூட போதும்.

சானிடைசர் போட்டா எத்தனால் ரத்தத்துல ஏறி போதை ஆவுமான்னு கேப்பாங்க (போலீஸ் ஊதச் சொன்னா மாட்டிக்குவேனான்னு கேட்ட ஆட்டோ அண்ணனும் உண்டு). பெரியவங்க நல்ல தோல்ல ஏறுறது ரொம்ப ரொம்ப கம்மி, பெரும்பகுதி காத்துலயே பறந்துடுது. எனக்கு கவலை அதுல இல்ல, கூட போறதுல. 2014ல அமெரிக்காவுல மிசௌரி யுனிவர்சிட்டிகாரங்க ஒரு வேலை பண்ணாங்க, ஆளுங்களை சானிடைசர் போடச் சொல்லி, கை ஈரமா இருக்கறப்பவே கடை பில்லை கையில புடிக்கச் சொன்னாங்க. அந்த வழவழன்னு சூட்டுல எழுத்து வர்ற பேப்பர் இருக்கே, அதுல பிஸ்பீனால் ஏ-ன்னு ஒரு கெமிக்கல் பூசியிருப்பாங்க, ஹார்மோன் விஷயத்துல வம்பு பண்ற ஜாதி. சானிடைசர் போட்ட கையில அது பல மடங்கு ஒட்டி, ரத்தத்துலயும் மூத்திரத்துலயும் தெரிஞ்சுது. சானிடைசர்ல ஆல்கஹால் மட்டும் இல்லாம ஈரம் புடிக்கிற, தோலை தளர்த்துற மத்த சாமானும் இருக்கு, எல்லாம் சேந்துதான் அந்த வேலை. இதை படிச்ச நாள்லேர்ந்து நான் கவுண்டர்ல சானிடைசர் போட்டா கை முழுசா காயாம பில்லை தொடறதில்ல, ஒரு நாளைக்கு 200 பில்லு கிழிக்கிற கை இது. உங்களுக்கும் ரூல் அதான்: கை காஞ்ச பிறகுதான் அடுத்த வேலை. பெட்ரோல், பெயின்ட், பூச்சி மருந்து, கரப்பான் சாக்பீஸ், எதுவா இருந்தாலும்.

சானிடைசர் போட்டா சுள்ளுன்னு எரியுதா? அது சானிடைசர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, உங்க தோல்ல எங்கியோ வெடிப்பு இருக்குன்னு அர்த்தம். நம்ம உடம்புல சூட்டை உணர்ற நரம்பு முனை சாதாரணமா 42 டிகிரி தாண்டினாத்தான் கத்தும், ஆல்கஹால் பட்டா அது 34 டிகிரியிலயே கத்த ஆரம்பிச்சிடும், அதாவது உடம்பு சூடே நெருப்பு மாதிரி தெரியும். மீன் ஏலம் போற இடத்துல ஐஸ்லயும் உப்புத்தண்ணியிலயும் விடியக்காலையிலேர்ந்து கை ஊறவெச்சுட்டு வர்ற அக்காங்களுக்கு இது தினம் நடக்கும். ஊறின தோல் சும்மாவே வழி விடும், அங்க சானிடைசர் வேணாம், நல்ல தண்ணியில கழுவி துணியில ஒத்தி எடுத்து தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிட்டு வெடிப்பு ஆறட்டும். ஒரு தடவை நல்லா அடி வாங்கின அடைப்பு பழையபடி முழுசா கட்டி எழும்ப சில நாள் ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் லேட்டு.

இன்சுலின் போடறவங்களுக்கு சின்னதா ஒரு விஷயம். துடைச்ச உடனே குத்தாதீங்க. ஈரம் காயட்டும், இல்லன்னா ஊசியோட ஸ்பிரிட்டும் உள்ள போய் எரியும். வீட்ல குளிச்சு சுத்தமா இருக்குற தோலுக்கு சோப்பு தண்ணியே போதும்.

வலி ஜெல்லு. டைக்ளோஃபினாக் ஜெல்லு பலதுல ஐசோப்ரொப்பைலோ புரொப்பிலீன் கிளைக்காலோ இருக்கும், மருந்தை உள்ள தள்றதுக்காகவே போட்டது. அதனால சொல்ற அளவுக்கு மேல அப்பாதீங்க, மெதுவா தடவி காய விடுங்க, அதுக்கப்புறம் உடைஞ்ச தோல்லயோ சிராய்ப்புலயோ படாம பாத்துக்குங்க. பெரிய தப்பு ஒண்ணு நம்ம ஏரியாவுல சகஜம், ஜெல்லை தடவி மேல பாலிதீன் கவரை சுத்தி சுடுதண்ணி பையை வெக்கிறது. மூடினா ஆவியாக வழியில்ல, தோல் வேர்த்து ஊறும், உள்ள போற அளவு பல மடங்கு ஏறிடும், சில மருந்துக்கு 10 மடங்கு வரைக்கும் கூட. வயசான கிட்னி கேஸ், பிளட் தின்னர் (ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை) சாப்பிடறவங்க வீட்ல இதை பண்ணவே கூடாது. தடவின கையை கழுவுங்க, அந்த கையாலயே கண்ணை கசக்கிட்டு கடைக்கு ஓடி வந்தவங்களை பாத்திருக்கேன்.

எந்த இடத்துல தடவுறீங்கன்றதும் முக்கியம். 1967ல ஃபெல்ட்மன், மைபாக்னு ரெண்டு டாக்டருங்க ஸ்டீராய்டு மருந்தை உடம்புல பல இடத்துல தடவி எவ்ளோ உள்ள ஏறுதுன்னு பாத்தாங்க. முன்னங்கையை 1ன்னு வெச்சுக்குங்க, உள்ளங்கால்ல அதுல ஏழுல ஒரு பங்குதான், தலையில 3.5, நெத்தியில 6, தாடை ஓரத்துல 13, விதைப்பையில 42. திரும்ப படிங்க, 42. தொடை இடுக்குல படைன்னு கண்ட லோஷனை ஸ்பிரிட்டோட சேத்து அடிக்கிற தம்பிங்களுக்காகத்தான் இந்த நம்பரை போட்டேன். அந்த இடத்துக்கு ஸ்பிரிட், டெட்டால், ஆஃப்டர்ஷேவ் எதுவும் ஆகாது, தோல் டாக்டர்கிட்ட போறதுல வெக்கம் வேணாம்.

தாடை 13ன்னு பாத்தீங்கல்ல, ஷேவிங் பண்ணா அதுவும் ஏறும், பிளேடு முடியோட சேத்து அந்த மெல்லிசு ஏட்டையும் கொஞ்சம் சீவிடுது. சலூன்ல ஷேவிங் முடிஞ்சு படிகாரம் தேய்ச்சு, அதுமேல ஆஃப்டர்ஷேவ், அதுமேல முகத்துக்கு ஏதோ வெள்ளையாக்குற க்ரீம்னு வரிசையா அடிக்கிறாங்க. படிகாரத்தோட நிறுத்திக்கச் சொல்லுங்க. க்ரீம் போடணும்னா அன்னிக்கு நைட்டு.

மினாக்சிடில், அதான் முடி வளர மண்டையில தடவுற மருந்து, அதை வாங்க வர்ற பசங்க இப்ப ஜாஸ்தி, டெலிவரி பசங்க, ஹெல்மெட்ல முடி கொட்டுதுன்னு. முதல்ல வந்த 5 சதவீத ஃபார்முலாவுல பாதி புரொப்பிலீன் கிளைக்கால், 30 சதவீதம் ஆல்கஹால், ஏன்னா மினாக்சிடில் தண்ணியில சரியா கரையாது. எப்படி போடணும்னா: தலை காஞ்சிருக்கணும், ஈரத்தலையில வேணாம். ஒரு தடவைக்கு 1 மில்லி, மண்டைத்தோல்ல, முடியில இல்ல. போட்டுட்டு நல்லா காயணும், மணிக்கணக்கு ஆகும், அதுக்கு முன்னாடி ஹெல்மெட் மாட்டினா மூடி வெச்ச கதைதான், அந்த வேர்வையில ஏகத்துக்கு இறங்கும். இது முதல்ல பிரஷர் மாத்திரையா வந்த மருந்து, நெஞ்சு படபடப்பு, தலைசுத்தல், கால் வீக்கம் வந்தா நிறுத்திட்டு டாக்டரை பாருங்க. "சீக்கிரம் வளரட்டும்ணா"ன்னு ரெண்டு மடங்கு அடிக்கிறவனுக்கு முடி ரெண்டு மடங்கு வராது. மண்டை அரிச்சு செதில் செதிலா வந்தா பெரும்பாலும் மினாக்சிடில் மேல தப்பு இருக்காது, அந்த கிளைக்கால்தான், ஃபோம்ல அது இல்ல, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம். வீட்ல பூனை வளக்குறவங்க ஜாக்கிரதை, பூனைக்கு இது விஷம், தலைகாணியை நக்கினா கூட ஆபத்து.

கேன்சர் வலிக்கு ஃபென்டனில் பட்டை (வலி மருந்து வெச்சு தோல்ல ஒட்டுற பேட்ச்) ஒட்டுறவங்க வீட்ல இருந்தா இந்த பாராவை நல்லா படிங்க. பழைய மாடல் பட்டைக்குள்ள ஆல்கஹாலையே ஜெல்லு மாதிரி வெச்சிருந்தாங்க, மருந்தை தோல் வழியா இழுத்துட்டு போகத்தான். 1980கள்ல வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பட்டையிலயும் அதே டெக்னிக். அதனால பட்டை ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஸ்பிரிட், சானிடைசர், சோப்பு எதுவும் போட்டு துடைக்கக்கூடாது, வெறும் தண்ணியில கழுவி நல்லா காய வெச்சு ஒட்டணும். பட்டை மேல சுடுதண்ணி பை வேணாம், மொட்டை வெயில்ல உக்கார வெக்க வேணாம், சூட்டுல மருந்து கொட்டுற வேகம் ஏறி மூச்சு தடுமாறும். கழட்டின பட்டையில இன்னும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டுற பக்கத்தை உள்ள மடிச்சு குழந்தைங்க கைக்கு எட்டாம அப்புறப்படுத்துங்க.

இப்ப ஆயா விஷயம். குழந்தையோட தோல் பரப்பு எடையோட ஒப்பிட்டா பெரியவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதாவது ஒரே மாதிரி உடம்பு பூரா துடைச்சா குழந்தைக்கு கிலோ கணக்குல டபுள் டோஸ். காய்ச்சல்ல தோல் சூடா ரத்த ஓட்டத்தோட இருக்கும், துடைக்கிறது மூடின ரூமுல, ஆவியை மூக்கு வழியாவும் இழுக்குது. ஐசோப்ரொப்பைல்ல துடைச்சு துடைச்சு குழந்தை மயங்கி கோமா வரைக்கும் போன கேஸ் மருத்துவ புஸ்தகத்துல இருக்கு, சர்க்கரை வேற இறங்கிடும். அதுமட்டும் இல்லாம திடீர்னு ஜில்லுன்னு ஆனா குழந்தை நடுங்கும், நடுக்கத்துல உள் சூடு இன்னும் ஏறும். ஓடிகொலோன் துணியை நெத்தியில போடறதும் அதே சாமான்தான், வாசனை மட்டும் வேற. பெரியவங்களுக்கு நெத்தியில கொஞ்சம் போட்டா ஒண்ணும் ஆயிடாது, பச்சக்குழந்தைக்கு வேணாம். பிறந்த குழந்தை தொப்புள்லயும் ஸ்பிரிட் வெக்காதீங்க, சுத்தமா காய விட்டா அதுவா விழுந்துடும். குறைமாச குழந்தைன்னா அந்த தடுப்பு ஏடே சரியா கட்டியிருக்காது, டாக்டர் சொல்லாம ஒரு சொட்டு எதுவும் தோல்ல வேணாம்.

கடைசியா பாலிஷ் வேலை பாக்குறவங்க. பழைய வண்ணாரப்பேட்டையிலேர்ந்து ஒரு அண்ணன் வருவாரு, கட்டில் பீரோவுக்கு அரக்கு பாலிஷ் அடிக்கிறவர், ஸ்பிரிட்ல அரக்கை கரைச்சு பஞ்சுத்துணியில தொட்டு தேய்ச்சுக்கிட்டே இருக்குற வேலை, கை ரெண்டும் வெந்த கிழங்கு மாதிரி இருக்கும். அவங்க வாங்குற ஸ்பிரிட் குடிக்கக்கூடாதுன்னு விஷம் கலந்து விக்கிறது, அதுல மெத்தனால் இருக்கலாம், பெயின்ட் தின்னர்லயும் இருக்கலாம். மெத்தனால் குடிச்சாத்தான் கண்ணு போகும்னு நெனைக்காதீங்க, தோல் வழியாவும் மூச்சு வழியாவும் நல்லாவே ஏறும், மணிக்கணக்கா கை நனைஞ்சா சேந்துக்கிட்டே போகும்.

அவருக்கு நான் சொன்னது: ஆஸ்பத்திரி கிளவுஸ் வேணாம், அந்த மெல்லிசு உறையில மெத்தனால் சீக்கிரமே ஊடுருவிடும், உள்ள போனது வெளிய பறக்க முடியாம கையோட ஊறும், அது கிளவுஸ் இல்லாததை விட மோசம். கெமிக்கலுக்குன்னே வர்ற தடிமனான பியூட்டைல் ரப்பர் கிளவுஸ் விலை ஜாஸ்திதான், ஆனா அதான் மெத்தனாலுக்கு தாங்கும். உள்ள ஈரம் பட்டா அன்னியோட அதுக்கு ரெஸ்ட்டு. கதவு ஜன்னலை தொறந்து வெச்சு வேலை பாருங்க. வேலை முடிஞ்சு கையில ஒட்டின பெயின்ட்டை, கறையை தின்னர் போட்டு கழுவவே கழுவாதீங்க, தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ ஊத்தி நல்லா தேய்ச்சு துணியில துடைச்சிட்டு சோப்பு போடுங்க, கொஞ்சம் லேட்டாகும், ஆனா போயிடும். சாயங்காலம் ஒரு கட்டிங் போடறதை பத்தியும் சொன்னேன், சிரிச்சாரு. எலிக்கு சாராயம் குடுத்து பாத்ததுல, உள்ள குடிச்ச ஆல்கஹாலே தோலோட தடுப்பை தளர்த்தி களைக்கொல்லி மருந்தெல்லாம் ஜாஸ்தி உள்ள இறங்கினதா ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. "எலிக்கு ஊத்தி பாத்தானுங்களா, இன்னா அநியாயம்பா"ன்னுட்டு போயிட்டாரு.

ஸ்பிரிட்டோ தின்னரோ உடம்புல நிறைய கொட்டிடுச்சுன்னா, நனைஞ்ச துணியை உடனே கழட்டிடுங்க, ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, பக்கத்துல யாரும் பீடி பத்த வெக்காம பாத்துக்குங்க. அன்னிக்கோ மறுநாளோ தலைவலி, வாந்தி, கண்ணு முன்னாடி பனி மாதிரி மங்கலா தெரியறதுன்னு ஏதாவது ஆரம்பிச்சா தூங்கி எழுந்தா சரியாயிடும்னு படுக்காதீங்க, மெத்தனால் லேட்டாத்தான் வேலையை காட்டும். நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, அந்த ஸ்பிரிட் கேனையும் மூடியை இறுக்கி கையோட எடுத்துக்கிட்டு போங்க, லேபிள் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல.